பலாத்தோப்புக்கு ஒரு போவி கத்தி: யாரிடம் வாங்கலாம், எதற்குக் காசு கொடுக்கலாம்?

பலாத்தோப்பு எழுதியது:

வணக்கம். எனக்கு வயது 58. வீடு திருப்பாதிரிப்புலியூரில். பண்ருட்டிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் தோப்பு, பலாவும் முந்திரியும். 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கரையைக் கடந்தபோது அப்பா வைத்த பதினொரு பலாவும் ஒரே காலையில் வேரோடு சாய்ந்தன. அதற்குப் பிறகு நான் வைத்த கன்றுகள்தான் இப்போது காய்க்கின்றன.

எனக்குப் போவி எனும் பெரிய அமெரிக்கக் கத்தி மீது ஒரு கிறுக்கு உண்டு. முனைப்பக்கம் முதுகு உள்வளைந்து இறங்கும் அந்த வடிவத்தைப் படத்தில் பார்த்தாலே கை அரிக்கிறது. "பலாப்பழம் அறுக்க அமெரிக்கக் கத்தியா?" என்று மனைவி கேட்கிறார். நியாயமான கேள்விதான். ஆனாலும் வேலி ஓரம் கிளை கழிக்க, பழம் பிளக்க, காய்ந்த முந்திரிச் சுள்ளி நறுக்க எல்லாவற்றுக்கும் இடுப்பில் ஒன்றே இருந்தால் போதும் என்பது என் கட்சி. அரிவாளைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து போய்விடுகிறார்.

போன வருடம் இணையத்தில் 2,400 ரூபாய்க்கு 'கையால் அடித்த டமாஸ்கஸ்' என்று ஒன்று வாங்கினேன். விற்றவர் பெயர் இங்கே வேண்டாம். இரும்பை அடுக்கடுக்காக அடித்து வரவழைக்கும் அலை அலையான கோடு, பிடிக்கு முன்னால் பித்தளைக் காப்பு, ஒட்டக எலும்புப் பிடி. கல்யாண மாப்பிள்ளை போல இருந்தது. இரண்டாவது பலாப்பழத்தில், தண்டுக்குப் பக்கத்தில், வாய்ப்புறம் மடங்கியது. தெறிக்கவில்லை, தகரம் மாதிரி மடங்கியது. சாணை பிடித்தபோது அலையும் போய்விட்டது.

என் கேள்விகள்: சொல்லிச் செய்யவைக்கிற கொல்லர்களில் நீங்கள் யாரை மதிக்கிறீர்கள், ஏன்? கையில் இருப்பது ஏழாயிரம் ரூபாய். அதற்குள் ஏமாறாமல் வாங்க வழி உண்டா? வெளிநாட்டுக் கத்திதான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லை.

அடைகல் எழுதியது:

ஐயா, மடங்கியது என்று எழுதினீர்களே, பாதி வைத்தியம் அதிலேயே முடிந்தது. வாய் மடங்கினால் அந்த இரும்பு கடினப்படவே இல்லை. தெறித்திருந்தால், கடினப்படுத்தியவர் பதம் இறக்காமல், அதாவது மறுபடி இளஞ்சூட்டில் வைத்து முறுக்கைத் தணிக்காமல் விட்டுவிட்டார் என்று சொல்லலாம். அலை போனதை வைத்து மட்டும் போலி என்று சொல்ல முடியாது. உண்மையான டமாஸ்கஸிலும் தேய்த்தால் கோடு மறையும். மின்னணுக் கடையில் விற்கும் பெரிக் குளோரைடை நீரில் கலந்து அந்த இடத்தில் தடவிப் பாருங்கள். அடுக்கு இருந்தால் கோலம் திரும்பி வரும். வராவிட்டால் மேலே வரைந்து விற்றிருக்கிறார்கள்.

என் அப்பா மஞ்சக்குப்பத்தில் பட்டறை வைத்திருந்தார். எனக்குச் சிப்காட்டில் வேலை, ஞாயிறு மட்டும் உலை மூட்டுகிறேன். ஆகவே என் மதிப்பெல்லாம் நெருப்பைச் சுற்றியே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் முதலில் வைக்கும் பெயர் பில் மோரன். அமெரிக்கக் கத்திக் கொல்லர் சங்கத்தை 1976இல் தொடங்கியவர்களில் முதன்மையானவர். 1973இல் அவர் டமாஸ்கஸ் கத்திகளைக் காட்சிக்கு வைத்த பிறகுதான் அந்த நாட்டில் அடுக்கு இரும்பு அடிப்பது மறுபடி சூடுபிடித்தது. அவரது கத்தியை நம்மால் தொடக்கூட முடியாது, விலை அப்படி. எனக்குப் பிடித்தது அந்தச் சங்கம் வைக்கும் தேர்வு. பத்து அங்குலத்துக்கு மிகாத அலகு. காற்றில் தொங்கும் ஒரு அங்குலத் தடிமன் கயிற்றை ஒரே வீச்சில் துண்டாக்க வேண்டும். அதே கத்தியால் இரண்டுக்கு நான்கு அங்குலக் கட்டையை இரண்டு முறை வெட்டி முடிக்க வேண்டும். அதற்குப் பிறகும் அது கை முடியை மழிக்க வேண்டும். கடைசியில் முனையைப் பிடிகருவியில் இறுக்கி 90 டிகிரி வளைப்பார்கள், உடையக் கூடாது. கூர், உரம், வளைவு மூன்றும் ஒரே இரும்பில் இருந்தால்தான் இது நடக்கும். வாய் கடினமாகவும் முதுகு இளக்கமாகவும் இருக்க வேண்டும். கடையில் கத்தியைத் தூக்கிப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

அதனால் அங்கே வாங்குபவர்களுக்கு நான் சொல்வது: அலகில் 'ஜே.எஸ்.' முத்திரை உள்ள கொல்லரைப் பாருங்கள். அது ஜர்னிமேன் நிலை, மாஸ்டருக்கு ஒரு படி கீழே. அவரும் இதே நான்கையும் தாண்டியவர்தான். 'எம்.எஸ்.' என்ற மாஸ்டர் முத்திரைக்குக் குறைந்தது 300 அடுக்கு டமாஸ்கஸில் அதே சோதனையைச் செய்து காட்ட வேண்டும். வேலைப்பாடும் கூடும், விலையும் கூடும். பலா அறுக்க 300 அடுக்கு எதற்கு? மாஸ்டர்களில் ஆர்கன்சாவின் ஜெர்ரி ஃபிஸ்க் என் கண்ணுக்கு அழகானவர். சண்டைக் கத்தி என்ற பழைய நோக்கத்தை விடாமல் மெல்லிசாக அடித்தவர் பில் பாக்வெல். அவரது 'ஹெல்ஸ் பெல்' வடிவத்தைப் பார்த்தால், போவி என்பது கோடாலி இல்லை என்று புரியும்.

ஏழாயிரத்துக்கு இவர்கள் யாரும் வரமாட்டார்கள். ஆலைக் கத்திகளில் மதிப்பு உள்ளவை இரண்டு. பக் 119, ஆறு அங்குல அலகு, 420 எச்.சி. எனும் துருவேறா இரும்பு. சாதாரண இரும்புதான், ஆனால் அந்த நிறுவனம் அதைப் பக்குவமாகச் சூடேற்றுகிறது. அடுத்தது கா-பார், ஏழு அங்குலம், அமெரிக்க மரைன் படை வீரர்களுக்கு 1942இல் வந்த வடிவம், தோல் வளையங்களை அடுக்கிய பிடி. அங்கே இரண்டும் நூறு டாலரைச் சுற்றியே விற்கின்றன. அனுப்பும் செலவும் சுங்கமும் சேர்ந்தால் உங்கள் ஏழாயிரம் தாங்காது. தவிர, கா-பார் துருப்பிடிக்கும் இரும்பு. கடலூர் காற்றில் ஒரு வாரம் மறந்தீர்களானால் சிவந்துவிடும்.

என்னைக் கேட்டால் லாரியின் கமான் பட்டையில் அடியுங்கள். அந்த இரும்பு பெரும்பாலும் 5160 எனும் குரோமியம் கலந்த வகையைச் சேர்ந்தது, அமெரிக்கக் கொல்லர்கள் போவிக்கு விரும்பி எடுப்பதும் அதுதான். ஓடித் தேய்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும். ஒடிந்த பட்டையை எடுக்காதீர்கள், கமான் கடையில் வெட்டிப் போட்ட புதுத்துண்டைக் கேளுங்கள். பட்டறைக்காரரிடம் ஒன்றே ஒன்று கெஞ்சிக் கேளுங்கள்: தண்ணீரில் தோய்க்க வேண்டாம். குரோமியம் கலந்த இரும்பு தண்ணீரில் பிளக்கும். காந்தம் ஒட்டாமல் போகும் சூட்டுக்குக் கொஞ்சம் மேலே, 830 டிகிரி அளவில், வெதுவெதுப்பான எண்ணெயில் தோய்ச்சல். பிறகு பதம் இறக்க 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம். கேக் சுடும் ஓவன் போதும்.

முத்தியால்பேட்டை எழுதியது:

தம்பி, நான் புதுச்சேரியிலிருந்து. எங்கள் அப்பா சொல்தா, பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் வாங்கியவர். அவர் இடுப்பில் போவி இருந்ததில்லை, சட்டைப் பையில் ஓப்பினெல் எட்டாம் நம்பர் மடக்குக் கத்தி இருந்தது. எட்டரை சென்டிமீட்டர் அலகு, மரப்பிடி, திருகும் வளையம். அதிலேயே மாம்பழம், ரொட்டி, ஒரு முறை என் காலில் ஏறிய முள். ஞாயிற்றுக்கிழமைகளில் மகாத்மா காந்தி சாலைச் சந்தையில் பழைய சாமான் விரிக்கிறவர்களிடம் இப்போதும் நான் கத்தி தேடுவேன். வளையம் போன ஓப்பினெல் கிடைக்கும். போவி கிடைத்ததே இல்லை.

நீங்கள் உயிரை விடுகிற அந்த உள்வளைவு பற்றி ஒரு வார்த்தை. ஜேம்ஸ் போவி 1827 செப்டம்பரில் மிசிசிப்பி ஆற்று மணல்திட்டில் நடந்த கைகலப்பில் சுடப்பட்டும் குத்தப்பட்டும் கத்தியோடு எழுந்து நின்றார், பெயர் பரவியது. 1836இல் டெக்சாஸின் அலமோ கோட்டைப் போரில் இறந்தார், பெயர் நிலைத்தது. அந்தக் கத்தியைச் செய்தது நான்தான் என்று அவரது அண்ணன் ரெசின் 1838இல் பத்திரிகைக்கு எழுதினார். அதில் அவர் கொடுத்த அளவு: அலகு ஒன்பதே கால் அங்குலம், அகலம் ஒன்றரை அங்குலம், ஒரு பக்கம் மட்டும் கூர், அலகு வளைவற்றது. வேட்டைக்கு என்று செய்தது. நம் கறிக்கடைக் கத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். முதுகு வளைந்த முனை, பெரிய காப்பு, அதெல்லாம் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரக் கத்திக்காரர்கள் அமெரிக்கச் சந்தைக்குக் கப்பல் கப்பலாக அனுப்பிய காலத்தில் நன்றாக ஊன்றிய அலங்காரம். வாஸ்டன்ஹோம், ராட்ஜர்ஸ் போன்ற ஷெஃபீல்டுப் பட்டறைகள் அதில் பிழைத்தன. 'அசல் போவி' என்று எவனாவது உங்களிடம் கூடுதல் விலை கேட்டால் எந்த அசல் என்று கேளுங்கள்.

என் தேர்வு? பக் 119. ஆறு அங்குலம் போதும் தம்பி. பழம் பிளக்கப் பெரியது வேண்டுமானால் அதற்கு உங்கள் ஊரிலேயே அரிவாள் உண்டு. பஸ்ஸில் பக்கத்து ஆள் எழுந்தால் எழட்டும், காலை நீட்டி உட்காருங்கள்.

வழக்குக்கட்டு எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அளவு பேசும்போது 2016 ஆயுத விதிகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால் அது ஆயுதப் பட்டியலுக்குள் வந்துவிடும். வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. அரிவாளைப் பார்த்தால் விவசாயம் என்று யாருக்கும் தெரியும். பித்தளைக் காப்பு வைத்த போவியைச் சோதனைச் சாவடியில் காட்டி "பலாவுக்கு" என்று நீங்கள் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். பலரும் சொல்லும் கோல்ட் ஸ்டீல் நிறுவனத்தின் டிரெயில் மாஸ்டர் போவி ஒன்பதரை அங்குலம். அண்ணன் ரெசினின் கத்தியே கால் அங்குலத்தில் மாட்டிக்கொள்ளும்.

வெள்ளாற்றங்கரை எழுதியது:

ஷெஃபீல்டு என்றதும் எங்கள் பரங்கிப்பேட்டையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் 1830களில் இங்கே இரும்பாலை நடத்தினார். சேலத்துத் தாது, நம் காட்டு விறகின் கரி. இந்த ஆலையின் இரும்பு இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. ஹீத் பின்னர் ஷெஃபீல்டுக்குப் போய், உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை வாங்கினார். அங்குள்ள உருக்குக்காரர்கள் முறையை எடுத்துக்கொண்டு பணம் கொடுக்கவில்லை, பல ஆண்டு வழக்கு நடந்தது. ஷெஃபீல்டு போவிகள் அமெரிக்காவுக்குப் போன காலமும் அதுதான். இதை வைத்துப் போவி கத்திக்கும் கடலூர் மாவட்டத்துக்கும் சம்பந்தம் பேச எனக்கு ஆசை. சம்பந்திகள் ஒத்துக்கொள்வார்களா என்பது வேறு விஷயம். கத்தி எது வாங்கலாம் என்பதில் எனக்குக் கருத்து இல்லை.

பலாத்தோப்பு எழுதியது (ஐந்து வாரம் கழித்து):

அனைவருக்கும் நன்றி. வெள்ளாற்றங்கரை ஐயாவின் சம்பந்தத்துக்கு என் வீட்டில் முழுச் சம்மதம்.

பெரிக் குளோரைடு தடவிப் பார்த்தேன். கோலம் வரவில்லை. அந்தக் கத்தி இப்போது தோட்டத்தில் கீரை கிள்ளுகிறது.

தம்பி அடைகல் சொன்னபடி கமான் கடையில் ஒன்றரை அடித் துண்டு வாங்கினேன். அட்டையில் வடிவம் வெட்டி எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். அலகு எட்டே முக்கால், அகலம் ஒன்றரை அங்குலம். வழக்குக்கட்டு சாருக்குப் பயந்து கால் அங்குலம் விட்டேன். பட்டறைக்காரர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "முதுகில் ஏன் கடித்து வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். எண்ணெய் என்றதும் முகம் சுளித்தார். நாற்பது வருடமாகத் தண்ணீர்த் தொட்டிதான் அவருக்கு. ஆறு லிட்டர் கடலை எண்ணெயை நானே வாங்கி வந்து வைத்த பிறகு ஒப்புக்கொண்டார். கத்தி உள்ளே இறங்கியபோது எழுந்த தீயைப் பார்த்து எதிர்க்கடைக்காரர் வாளியோடு ஓடிவந்தார். பட்டறை முழுக்க வடை வாசனை.

பதம் இறக்கியது என் மகளின் கேக் ஓவனில், இரண்டு முறை. அலகு வைக்கோல் நிறத்தில் வந்தது. பிடி பூவரசு, புயலில் விழுந்த மரத்திலிருந்து எடுத்து வைத்திருந்த கட்டை. பித்தளைக் காப்பு வைக்கவில்லை. கூலி, எண்ணெய், பட்டை எல்லாம் சேர்த்து 2,650 ரூபாய்.

இதுவரை பதினான்கு பழம். வாய் மடங்கவில்லை. பால் ஒட்டாமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் தடவித்தான் அறுக்கிறேன். முனைக்கு இரண்டு அங்குலம் முன்னால் ஓர் இடத்தில் மட்டும் கல்லில் தேய்க்கும்போது சத்தம் மாறுகிறது. அது ஏன் தம்பி? மீதிப் பணத்தில் தோல் உறை ஒன்று தைக்கக் கொடுத்திருக்கிறேன். வந்ததும் அதிலேயே போட்டுப் பரணில் வைக்கலாம் என்று நினைக்கிறேன்.

அடைகல் எழுதியது:

தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள் ஐயா. பதனிட்ட தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், மழைக்காலம் முடிவதற்குள் புள்ளி புள்ளியாகத் துரு வரும். உறை இடுப்புக்கு மட்டும். வீட்டில் எண்ணெய்த் துணியில் சுற்றி, காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். சத்தம் மாறும் இடத்தில் அரத்தை மெதுவாக வைத்துப் பாருங்கள். வழுக்கினால் கவலை இல்லை, கடித்தால் அந்த இடம் எண்ணெயில் இறங்குவதற்குள் ஆறிப்போயிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவாருங்கள், உலை மூட்டியிருப்பேன். எண்ணெய் என்னிடம் இருக்கிறது.