பால்கே விருது விழா: பழைய பதிவுகள் யாரிடமாவது உண்டா?

வணக்கம். தாதாசாகேப் பால்கே விருது பெற்ற தமிழ்த் திரைக் கலைஞர்களைப் பற்றி ஒரு சின்னத் தொகுப்பு செய்து வருகிறேன். 2021 அக்டோபரில் டெல்லியில் ரஜினிகாந்த் பேசியது எளிதாகக் கிடைத்துவிட்டது. குருநாதர் பாலசந்தரோடு, பேருந்து ஓட்டுநரான தன் நண்பரையும் மேடையில் நினைவுகூர்ந்தாரே, அதுதான். அருமையான பேச்சு! ஆனால் சிவாஜி கணேசன் விருது வாங்கிய விழாவின் காணொளியோ நல்ல புகைப்படமோ கண்ணில் படவில்லை. யாரிடமாவது இருக்கிறதா? அந்தக் கால வார இதழ்ப் பக்கம் என்றாலும் போதும்.

அப்புறம் ஒரு சந்தேகம். ரஜினிக்குத் தந்தது 2019-க்கான விருது. தொகுப்பில் எந்த ஆண்டைப் போடுவது, விருதுக்குரியதா, மேடையில் வழங்கியதா? எனக்கு முதலாவதே சரியாகப் படுகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.