சிலந்திப் பாறையை ஜூலையில் பிள்ளைகளோடு பார்ப்பது: எந்த நேரம், எந்தக் கதை?

வெள்ளவத்தை வாசகி:

ஜூலை நடுப்பகுதியில் கொழும்பிலிருந்து பீனிக்ஸ் போகிறோம். அங்கே வாடகைக் கார் எடுத்து, அரிசோனாவின் வடகிழக்கில் இருக்கும் கேன்யன் டி ஷே பள்ளத்தாக்குக்குப் போக யோசனை. சிலந்திப் பாறைக்கென்று ஒரு பகலும் ஓர் இரவும் ஒதுக்கியிருக்கிறோம். கூட வரும் பிள்ளைகளுக்கு எட்டு வயது, பதினொரு வயது.

குழப்படி செய்கிற பிள்ளைகளை, அங்கே வாழும் நவஹோப் பழங்குடியினரின் தெய்வமான சிலந்திப் பெண் பிடித்துத் தின்பாள், உச்சியில் வெள்ளையாகத் தெரிவது அவர்களின் எலும்பு என்ற கதைதான் தேடும் இடமெல்லாம் வருகிறது. அது மட்டும்தானா? பாறை எப்படி உண்டானது? எந்த நேரத்தில் வடிவாகத் தெரியும்? பாறைக்கு எதிரே இருந்து பிள்ளைகளுக்கு விரல்களில் கோக்கும் நூல் விளையாட்டுக் காட்டவும் ஆசை. அதையும் சிலந்திதான் நவஹோக்களுக்குச் சொல்லிக்கொடுத்தது என்று படித்தேன்.

கல்லும் மண்ணும்:

முதலில் பாறை. இரண்டு கூராக எழும்பி நிற்கும் ஒற்றை மணற்கல் தூண் அது. உயரம் 230 முதல் 240 மீற்றர்வரை சொல்வார்கள், நம் தாமரைக் கோபுரத்தின் மூன்றில் இரண்டு பங்கு. டி ஷே பள்ளத்தாக்கும் மொனுமென்ட் கேன்யன் என்ற கிளைப் பள்ளத்தாக்கும் சந்திக்கும் முனையில் நிற்கிறது. இந்த மணற்கல் சுமார் 28 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்று குவித்த மணல்மேடுகள். பிள்ளைகளைத் தூணின் பக்கச் சுவரைப் பார்க்கச் சொல்லுங்கள்: கோடுகள் படுக்கையாக ஓடாமல் சாய்வாக ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும். ஒவ்வொரு சாய்வும் ஒரு காலத்தில் மணல்மேட்டின் சரிவாக இருந்தது.

பிறகு நிலம் மேலெழ, ஆறுகள் கீழே அறுத்துக்கொண்டு போயின. நெட்டாக விழுந்த வெடிப்புகளில் தண்ணீர் இறங்கி, குளிரில் உறைந்து பருத்து, பலகை பலகையாகக் கல்லைக் கழற்றியது. இரண்டு பக்கமும் ஆறு தின்றபின் நடுவில் மிஞ்சியதுதான் இந்தத் தூண். சுவரில் கறுப்பாக வழிந்திருப்பது மண்ணெண்ணெய்க் கறையோ புகையோ இல்லை. மங்கனீசும் இரும்பும் சேர்ந்து மிக மெல்லியதாகப் படியும் பாலைவனப் பூச்சு.

பார்க்கும் நேரம் பின்னேரம். தென்விளிம்புச் சாலை சின்லி ஊரிலிருக்கும் வரவேற்பு நிலையத்தில் தொடங்கிச் சிலந்திப் பாறைக் காட்சிமேடையில் முடிகிறது, போய்வர 60 கிலோமீற்றர். தரிப்பிடத்திலிருந்து சிறிது தூரம் சீரான பாதையில் நடந்தால் போதும். காலையில் வடவிளிம்புக்குத்தான் வெளிச்சம் நல்லது. ஜூலையில் அங்கே சூரியன் மறைய இரவு எட்டரை ஆகும், ஆகவே ஐந்து மணிக்கும் ஏழரைக்கும் இடையில் மேடையில் நில்லுங்கள். அதற்குப் பிந்தினால் பள்ளத்தாக்கின் நிழல் தூணின் அடியை மூடிவிடும், படத்தில் பாதிப் பாறைதான் கிடைக்கும். மேடை பாறையின் உச்சியை விட உயரத்தில் இருப்பதால் உச்சியைக் கொஞ்சம் குனிந்துதான் பார்ப்பீர்கள். 8 மடங்கு பெருக்கும் இருகண் நோக்கி ஒன்று கொண்டுபோனால் அந்த வெள்ளைப் பட்டை தெளிவாகத் தெரியும்.

தறிநூல்:

அந்த எலும்புக் கதை உண்மையிலேயே அங்கே பிள்ளைகளுக்குச் சொல்கிற கதைதான், ஆனால் அரைவாசியைத்தான் படித்திருக்கிறீர்கள். சிலந்திப் பாறைக்கு எதிரே முகப் பாறை என்று இன்னொன்று நிற்கிறது. குழப்படி செய்த பிள்ளைகளின் பெயரை அங்கிருந்து ‘பேசும் தெய்வம்’ என்ற தெய்வம் சிலந்திப் பெண்ணுக்குச் சொல்லும். இரண்டு பாறைகளின் படத்தையும் காட்டிச் சொன்னால்தான் கதை பிடிபடும்.

என் மனதுக்கு மேலான கதை வேறு. பகைவன் துரத்த ஓடிவந்த ஓர் இளைஞன், பாறை உச்சியிலிருந்து ஒரு பட்டுக்கயிறு தொங்குவதைக் காண்கிறான். இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறிவிடுகிறான். மேலே கழுகு முட்டையைத் தின்று, பனித்துளியைக் குடித்து உயிர்பிழைக்கிறான். கயிற்றை விட்டவள் சிலந்திப் பெண். இதை முதலில் சொல்லுங்கள், அவள் வெறும் பூச்சாண்டி ஆகிவிடக்கூடாது. ‘மாறும் பெண்’ என்ற தெய்வத்தின் இரட்டைப் பிள்ளைகள் தகப்பனாகிய சூரியனைத் தேடிப் போகும்போது, நசுக்கும் பாறைகளையும் வெட்டும் நாணல்களையும் எப்படிக் கடப்பது என்று சொல்லி, காக்கும் இறகைக் கொடுத்து அனுப்பியவளும் அவளேதான்.

நவஹோக்கள் அவளை முக்கியமாக நினைப்பது நெசவுக்காக. தறி செய்யும் வழியைச் சொன்னவன் சிலந்தி மனிதன்: குறுக்குக் கம்புகள் வானக் கயிறாலும் பூமிக் கயிறாலும், பாவு என்னும் நெடுக்கு இழைகளுக்கான கோல்கள் சூரியக் கதிரால், அடிக்கும் பலகை சூரியனைச் சுற்றிய ஒளிவட்டத்தால், சீப்பு வெண்சங்கால். நெய்யப் பழக்கியவள் சிலந்திப் பெண். பெண் குழந்தை பிறந்தால், ஒரு பொந்தின் வாயில் பின்னிய சிலந்திவலையை எடுத்துக் குழந்தையின் கையிலும் புயத்திலும் தேய்க்கும் வழக்கம் உண்டு. வளர்ந்து நெய்யும்போது கை சோராது என்பது நம்பிக்கை.

நூல் விளையாட்டை மட்டும் ஜூலையில் அங்கே செய்யாதீர்கள். சிலந்திகள் அடங்கியிருக்கும் குளிர்காலத்துக்கு உரியது அது. இடிமுழக்கம் தொடங்கிவிட்டால் நூலைச் சுருட்டி வைத்துவிடுவார்கள். ஜூலை அங்கே இடிமழைக் காலம். பல கதைகளுக்கும் அதே கட்டுப்பாடு இருக்கிறபடியால், கதைகளைப் பீனிக்ஸிலோ காரிலோ சொல்லிவிட்டு, மேடையில் பாறையைப் பார்க்க விடுங்கள். பக்கத்தில் நிற்பவர் அந்த ஊர்க்காரராக இருக்கலாம்.

வெள்ளவத்தை வாசகி:

நூலை வீட்டிலேயே விட்டுவிடுகிறேன். அப்படியென்றால் பிள்ளைகள் கையால் செய்ய வேறு என்ன கொடுக்கலாம்?

தறிநூல்:

அட்டைத் தறி. நெசவுக்குக் காலக் கட்டுப்பாடு இல்லை. 20 × 25 சென்ரிமீற்றர் தடித்த அட்டை, மேலும் கீழும் ஒரு சென்ரிமீற்றருக்கு ஒரு வெட்டு. புறக்கோட்டையில் வாங்கும் பருத்திக் கயிற்றைப் பாவாக இறுக்கிச் சுற்றுங்கள், கம்பளி நூலை ஊடையாக, அதாவது குறுக்கு இழையாகக் கொடுங்கள். நவஹோ தறி நிமிர்ந்து நிற்பது, ஊடையைக் கொண்டுபோகும் ஓடம் கிடையாது, ஊடையை விரலால் கோத்துச் சீப்பால் அடிப்பார்கள். பிள்ளைகளும் அப்படியே கீழிருந்து மேலாகக் கோத்து, முள்ளுக்கரண்டியால் அடிக்கட்டும்.

பெரும்பாலும் பிழைப்பது ஒன்றுதான்: ஊடையை நேராக இழுத்துவிடுவார்கள், பத்து வரிக்குள் துணியின் இடுப்பு ஒடுங்கிவிடும். ஒவ்வொரு வரியையும் வில்லாக வளைத்துத் தளர்வாக விட்டு, பிறகு அடிக்கச் சொல்லுங்கள். பாவுக் கயிறு முழுவதும் ஊடைக்குள் மறைய வேண்டும், தெரிந்தால் இன்னும் அடிக்க வேண்டும்.

வலப்பக்கச் சாரதி:

பயணத்தில் ஏமாற்றுவது மணிக்கூடுதான். அரிசோனா கோடையில் நேரம் மாற்றுவதில்லை, நவஹோக்களின் தன்னாட்சிப் பகுதியான நவஹோ நாடு மாற்றும். ஜூலையில் சின்லி பீனிக்ஸை விட ஒரு மணிநேரம் முன்னே. வழியில் ஹோப்பி என்ற இன்னொரு பழங்குடியினரின் நிலத்தினூடாகப் போனால் மறுபடியும் பின்னே. கைபேசி கோபுரத்துக்குக் கோபுரம் மாறிக் காட்டும், அதை நம்பி வழிகாட்டியின் ஜீப்பைத் தவறவிட்டவர்கள் ஏராளம். சாதாரண கைக்கடிகாரம் ஒன்றைச் சின்லி நேரத்துக்குத் திருப்பிக் கட்டிக்கொள்ளுங்கள்.

பீனிக்ஸிலிருந்து சின்லி சுமார் 500 கிலோமீற்றர், நிறுத்தாமல் ஓடினாலே ஐந்தரை மணிநேரம். சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரத்தைக் கொழும்பிலேயே எடுத்துவிடுங்கள். பின்னேர வெளிச்சம் வேண்டுமென்றால் விடியவே வெளிக்கிட வேண்டும். மேடை கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,000 மீற்றர் உயரம், வெயிலும் வறட்சியும் தெரியாமலே வாட்டும். ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர் காரில் இருக்கட்டும். இடி கேட்டால் விளிம்பில் நிற்காமல் காருக்குள் போய்விடுங்கள்.

விளிம்புச் சாலைகளுக்குக் கட்டணம் இல்லை. பள்ளத்தாக்கின் அடியில் கால் வைக்க மட்டும் அனுமதி பெற்ற நவஹோ வழிகாட்டி கட்டாயம். 1931இல் தேசிய நினைவிடமாக அறிவித்தாலும் நிலம் நவஹோ மக்களுடையது, இன்றும் கீழே குடும்பங்கள் தோட்டம் செய்கின்றன. 1864இல் அமெரிக்க இராணுவ அதிகாரி கிட் கார்சனின் படை வந்தபின் அவர்களின் பீச் மரங்கள் வெட்டப்பட்டன, மக்களை நியூ மெக்சிகோவின் பொஸ்கே ரெடொண்டோவரை நடத்தியே கொண்டுபோனார்கள். 1868 ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் திரும்பினார்கள். பதினொரு வயதுப் பிள்ளைக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

வழிகாட்டியோடு போவதென்றால் காலைப் பயணத்தைக் கேளுங்கள். ஜூலையில் மதியத்துக்குப் பிறகு மேலே எங்கோ பெய்த மழை திடீர் வெள்ளமாக வரும், ஈரமான ஆற்றுப்படுகையில் புதைமணலும் உண்டு. தூணில் ஏறத் தடை. 1956இல் மூன்று மலையேறிகள் உச்சிக்குப் போனார்கள், இப்போது நவஹோ நாடு யாரையும் விடுவதில்லை. ட்ரோன் கூடாது, மதுப் போத்தல் காரில் இருக்கவும் கூடாது. ஆட்களையோ வீடுகளையோ படம் எடுக்கமுன் கேளுங்கள், மறுத்தால் கமெராவைக் கீழே இறக்கிவிடுங்கள்.