ஸ்மோக்கரில் (புகையில் வேகவைக்கும் அடுப்பு) வைத்த முட்டை கசக்கிறது, ஓடும் உரியவில்லை. அவசரம்!

பின்கட்டு:
ஞாயிற்றுக்கிழமை வீட்டில் விருந்து. ஒத்திகை பார்க்கலாம் என்று பச்சை முட்டையை ஓட்டோடு ஸ்மோக்கரில் அடுக்கி, 225ல் ஒன்றரை மணி நேரம் விட்டேன். உரித்தால் வெள்ளைக்கரு ஓட்டோடு பிய்ந்து வருகிறது. வாய் முழுக்கக் கசப்பு. சிலது வெடித்தும்விட்டது. என்ன செய்யலாம்?

சாங்கிக்காற்று:
225 எதில்? அமெரிக்கச் செய்முறை என்றால் ஃபாரன்ஹைட், நம் கணக்கில் 107. செல்சியஸில் வைத்திருந்தால் வெடிக்காமல் என்ன செய்யும்?

கரிமூட்டை:
கரியா, கேஸா, மின்சாரமா? என்ன மரம்? முட்டை குளிர்பெட்டியிலிருந்து நேராகப் போனதா? ஒன்றுமே சொல்லவில்லையே அண்ணே.

தேக்கா அக்கா:
தம்பி, முட்டை ரொம்பப் புதுசாக இருந்திருக்கும். நாளாக ஆக ஓட்டின் நுண்துளை வழியே கரியமில வாயு வெளியேறி வெள்ளைக்கருவில் காரத்தன்மை ஏறும். அப்புறம்தான் உள்தோல் பிடியை விடும். ஒரு வாரம் குளிர்பெட்டியில் கிடந்த முட்டையை எடுங்கள்.

பின்கட்டு:
ஃபாரன்ஹைட்தான். கரி ஸ்மோக்கர், பீப்பாய் வகை. புகைக்கு ஹிக்கரி மரச் சில்லு, தண்ணீரில் ஊறவைத்தது. முட்டை காலையில் வாங்கி, மாலையில் குளிர்பெட்டியிலிருந்து நேராக உள்ளே.

கரிமூட்டை:
ஊறவைத்த சில்லா? அதுதான் வினை. ஈரம் வற்றும்வரை வருவது நீராவி. நெருப்பையும் தணித்துவிடும்.

புக்கிட்தீமா:
ஊறவைப்பதில் ஒரு தப்பும் இல்லை. அரை மணி நேரத்தில் மரம் எவ்வளவு தண்ணீர் குடித்துவிடும்? மேல்பக்கம்தான் நனையும்.

கரிமூட்டை:
மேல்பக்கம்தான் நனையும் என்றால் எதற்கு ஊறவைக்கிறீர்கள்?

புக்கிட்தீமா:
பல வருஷமாக அப்படித்தான் செய்கிறேன். இதுவரை யாரும் கசக்கிறது என்று சொன்னதில்லை.

பழைய அடுப்பு:
இந்த மன்றத்தின் பழைய உரையாடல்களைத் தேடிப் பார்க்கும் வழக்கம் இங்கே யாருக்கும் கிடையாது. சரி, போகட்டும். மேல் துவாரம் திறந்திருந்ததா? புகை என்ன நிறம்? இந்த இரண்டும் தெரியாமல் மரத்தைப் பற்றிப் பேசி என்ன பயன்?

பின்கட்டு:
மூடித்தான் வைத்தேன், புகை வீணாகிவிடுமே. வெள்ளையாக, நல்ல அடர்த்தியாக வந்தது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி காயப்போட்ட துணியெல்லாம் வாடை.

பழைய அடுப்பு:
எதிர்பார்த்தேன். காற்று போதாமல் மரம் புழுங்கினால் வருவதுதான் அந்த வெள்ளைப் புகை. அதில் உள்ள கிரியோசோட் என்ற தார் போன்ற பொருள் ஈரத்தில் படிந்து கசக்கும். நம் சிங்கப்பூர் ஈரக்காற்றில் குளிர்பெட்டி முட்டை வெளியே வந்ததுமே வேர்த்துவிடும், அது வேறு. மேல் துவாரத்தை முழுக்கத் திறந்து, சூட்டைக் கீழ்த் துவாரத்தில் அடக்குங்கள். மெல்லிய நீலப் புகை வந்த பிறகு முட்டையை வையுங்கள். உரிக்கிற தொல்லை வேண்டாமென்றால் முதலிலேயே அவித்து, உரித்து, நன்றாகத் துடைத்து வையுங்கள். அரை மணி நேரம் போதும். அவ்வளவுதான் விஷயம்.

நாலாம்மாடி:
நடுவில் ஒரு சந்தேகம். வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, பின்பக்கம் கிடையாது. நடைபாதையில் சின்ன ஸ்மோக்கர் வைக்கலாமா?

தேக்கா அக்கா:
ஐயோ வேண்டாம், எதிர்வீட்டுக்காரர் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டுவிடுவார். குவாலியில் (வாணலி) அலுமினியத் தாள் விரித்து, அரிசி, சீனி, தேயிலை போட்டுச் சூடேற்றுங்கள். மேலே கம்பித்தட்டில் அவித்த முட்டையை வைத்து மூடினால் பத்து நிமிடம். சீனர் வாத்துக்குச் செய்கிற முறைதான். சன்னலைத் திறந்து வையுங்கள்.

புக்கிட்தீமா:
தேயிலைப் புகையெல்லாம் ஒரு புகையா?

தேக்கா அக்கா:
சாப்பிட்டுவிட்டு வந்து பேசுங்கள்.

சாங்கிக்காற்று:
ஈஸ்ட் கோஸ்ட் பார்க் கடற்கரைப் பூங்காவில் அடுப்பை முன்பதிவு செய்யலாம். ஆனால் அது திறந்த அடுப்பு, மூடி கிடையாது. புகை எல்லாம் கடலுக்குத்தான்.

நாலாம்மாடி:
புகை போட்டால் கருவாடு மாதிரி வெளியிலேயே வைத்துக்கொள்ளலாம், இல்லையா?

பழைய அடுப்பு:
கருவாட்டைக் காப்பது உப்பும் வெயிலும். இது வாசனை ஏறிய அவித்த முட்டை, அவ்வளவே. இரண்டு மணி நேரத்துக்கு மேல் மேசையில் விடாதீர்கள்.

பின்கட்டு:
விருந்து முடிந்தது. அவித்து உரித்து வைத்தேன், துவாரம் திறந்தே இருந்தது. கசப்பு இல்லை. சம்பாலில் (மிளகாய் விழுது) போட்டதும் காலி. எல்லாருக்கும் நன்றி.

புக்கிட்தீமா:
சில்லை ஊறவைத்தீர்களா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

கரிமூட்டை:
ஆமாம், அதைச் சொல்லிவிட்டுப் போங்கள் அண்ணே.