பத்மினியின் கதவுக்குக் கீழே துரு: பேட்ச் போடலாமா, முழுசாக அறுத்து மாற்றணுமா?

காசிமேட்டுப் பத்மினி:

அனைவருக்கும் வணக்கம். அப்பாவின் 1984 பிரீமியர் பத்மினி கார் பற்றிக் கேட்கிறேன். எங்கள் வீடு காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. அப்பாவுக்கு முட்டி வலி வந்ததிலிருந்து வண்டி வாசலில் தார்ப்பாய்க்குள் நிற்கிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் தெருத் தண்ணீர் உள்ளே ஏறி, கால்மிதி எல்லாம் ஊறிவிட்டது.

வெளியே பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. டிரைவர் பக்கக் கதவுக்குக் கீழே, முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஓடும் பெட்டியில் மட்டும் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் லேசாக அழுத்தினேன், பிடி வரை உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தால் பட்டித் துண்டோடு கசக்கித் திணித்த செய்தித்தாள் வருகிறது. முன்பு ஒரு கடையில் அந்த இடத்துக்குத் தகரம் மாற்றியதாகச் சொல்லித்தான் காசு வாங்கினார்கள். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தத் தாளைப் பிரித்துப் பார்த்தார். ரேஷன் கடை பற்றி ஏதோ செய்தி. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

இப்போது ஒரு கடையில் மேலேயே தகரம் வைத்து கேஸ் வெல்டிங்கில் ஒட்டி, இரண்டே நாளில் தருகிறேன் என்கிறார்கள். இன்னொருவர் இரண்டு பக்கமும் மொத்தமாக அறுத்து எடுத்துவிட்டுப் புதிதாக வைக்கலாம் என்கிறார். துரு எடுக்கும் திரவம் அடித்துப் பட்டி பார்த்தால் போதும் என்பது நண்பரின் யோசனை. எது சரி? வண்டியை விற்கப் போவதில்லை.

ராயபுரம் பழைய வண்டி:

புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகக் கடைகளில் பத்மினி கதவு, மட்கார்டு எல்லாம் தேடினால் கிடைக்கும். ஆனால் இந்தக் கீழ்ப் பெட்டியை வேறு வண்டியிலிருந்து வெட்டி வாங்காதீர்கள். அதுவும் உங்களுடையது மாதிரி உள்ளே அரித்துத்தான் இருக்கும். நான் வாங்கி ஏமாந்தேன். புதுத் தகரத்தில் வளைத்துப் போடுவதே நல்லது.

வண்ணாரப்பேட்டை டிங்கர்:

தம்பி, நான் 1981-ல் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு ஷெட்டில் சுத்தியல் பிடித்தவன். இப்போது கடை இல்லை, கேட்பவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் அறுக்க விடவே விடாதீர்கள். ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காருக்கு அடியில் தனியாகச் சேசிஸ், அதாவது இரும்புச் சட்டம், உண்டு, பாடி அதன் மேல் போல்ட்டில் உட்காரும். பத்மினிக்கு அது கிடையாது, பாடியேதான் சேசிஸ். நீங்கள் குத்திப் பார்த்த அந்தப் பெட்டிதான் வண்டியின் இடுப்பு. இரண்டையும் எடுத்தால் வண்டி நடுவில் தொங்கும். தொங்கிய நிலையில் புதுத் தகரத்தை ஒட்டிவிட்டால் அந்த வளைவு அப்படியே நின்றுவிடும், அப்புறம் எந்தக் கதவும் ஒழுங்காகச் சாத்தாது. ஒரு பக்கத்தை முழுசாக முடித்துவிட்டுத்தான் மறுபக்கம் கிரைண்டர் படவேண்டும். அறுக்கும் முன் கதவு வாசலுக்குள் ஒரு அங்குலச் சதுரக் குழாயைக் குறுக்கே வைத்து இரண்டு முனையிலும் பொட்டு (சின்னப் புள்ளி வெல்டிங்) வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் தட்டி எடுத்துவிடலாம்.

துருவுக்கு மேல் தகரம் ஒட்டும் வேலை வேண்டாம். இரண்டு தகரத்துக்கு நடுவே தண்ணீர் ஏறி உட்கார்ந்தால் வெயில் அதைத் தொடாது. உள்ளிருந்தே தின்னும், வெளியே தெரியும்போது புதுத் தகரமும் போயிருக்கும். தகரம் பளபளவென்று வெள்ளையாகத் தெரிகிற வரை வெட்டுங்கள், அதற்கு மேல் இரண்டு விரல் அகலம் கூட எடுங்கள். எது நல்லது எது கெட்டது என்று கண்ணை நம்பாதீர்கள். சின்னச் சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகரம் டங்கென்று சொல்லும். அரித்த இடமும் பட்டி நிரப்பிய இடமும் தொப்பென்று சொல்லும். காந்தம் வைத்தாலும் பட்டி மேல் ஒட்டாது.

பெட்டிக்கும் தரைக்கும் 18 கேஜ், வெளி மட்கார்டுக்கு 20 கேஜ், இரண்டும் சி.ஆர். ஷீட், அதாவது பூச்சு இல்லாத வெறும் இரும்புத் தகடு. துருப் பிடிக்காது என்று துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட் வாங்கிவிடாதீர்கள். வெல்டிங்கில் அந்தத் துத்தநாகம் புகையாகக் கிளம்பி ராத்திரி குளிர் காய்ச்சல் வரும், எனக்கு வந்திருக்கிறது. கேஸ் வெல்டிங் கெட்டது இல்லை, இருபது வருஷம் அதில்தான் சோறு சாப்பிட்டேன். ஆனால் சூடு அகலமாகப் பரவும், வெளித் தகரம் அலை அலையாக நெளிந்துவிடும். நெளிந்த இடத்தை மறைக்கத்தான் கிலோ கணக்கில் பட்டி போடுகிறார்கள். சி.ஓ.டூ வெல்டிங்கில் 0.8 மி.மீ. கம்பி போட்டு, இங்கே ஒரு பொட்டு, ஒரு சாண் தள்ளி அடுத்த பொட்டு என்று வையுங்கள். கை வைக்க முடிகிற சூட்டுக்கு வந்த பிறகு நடுவில் நிரப்பலாம். பேட்டரி ஒயரைக் கழற்றி, பெட்ரோல் டேங்க்கை வெளியே எடுத்து, சீட்டையும் இறக்கியிருக்க வேண்டும். பக்கத்தில் நனைத்த சாக்கு இருக்கட்டும்.

துரு எடுக்கும் திரவம் மெல்லிய துருவைத்தான் மாற்றும். போன இரும்பு திரும்பி வராது. தரையில் மேலோட்டமாகச் சிவந்திருக்கும் இடத்துக்கு அது போதும்.

இனி நம் ஊருக்கே உரிய ஒரு விஷயம். கடற்கரைத் துருவில் உப்பு இருக்கிறது. குழி குழியாக இருக்கும் இடத்தில் உப்பு ஒளிந்திருக்கும், கிரைண்டர் அதன் அடிவரை போகாது. அதன் மேல் பிரைமர் அடித்தால் சில மாதத்தில் மறுபடி கொப்புளம்தான். வயர் பிரஷ் போட்ட பிறகு வெந்நீர் ஊற்றித் தேய்த்துக் கழுவி, உடனே துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். காலையில் கழுவிய இடத்துக்குக் கடல்காற்று தொடங்கும் முன் எபாக்ஸி பிரைமர் ஏறிவிட வேண்டும். வெறும் தகரத்தை ஒரு ராத்திரி காசிமேட்டில் விட்டுப் பாருங்கள், விடியும்போது மஞ்சள் பூத்திருக்கும். பட்டி வெறும் தகரத்தின் மேல் போகக்கூடாது, அது தண்ணீரைக் குடிக்கும். எபாக்ஸிக்கு மேல், இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் மெல்லிசாகப் போடுங்கள்.

வெல்டிங் பின்பக்கத்துப் பெயிண்டை எரித்துவிடும். அதனால் பெட்டிக்குள் ஓட்டை வழியாகக் குழாய் விட்டு மெழுகு மருந்து அடியுங்கள். அடியில் இருக்கும் வடிகால் ஓட்டைகளை வெல்டர் அடைத்திருந்தால் திறந்துவிடுங்கள். அந்த ஓட்டை அடைபட்டதால்தான் முதலில் துருவே வந்திருக்கும் என்பது என் கணிப்பு.

எண்ணூர் ரோடு:

அண்ணா சொன்னதோடு ஒன்று. கண்ணாடி ரப்பர் மேல் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, உள்ளே உட்கார்ந்து டார்ச் அடித்துப் பாருங்கள். எனக்கு டேஷ்போர்டுக்குக் கீழே ஒழுகியது. ரப்பர் மாற்றாமல் தரை மாற்றி, இரண்டு மழைக்குள் மறுபடி மாற்ற வேண்டியதாகிவிட்டது.

காசிமேட்டுப் பத்மினி:

அண்ணா, ரொம்ப நன்றி. நீங்கள் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவரே சுத்தியல் எடுத்துத் தட்ட ஆரம்பித்துவிட்டார். டிரைவர் பக்கம் தொப்பென்று கேட்ட இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார். மொத்தம் பதினொன்று. வெளியே தெரிந்த கொப்புளம் மூன்றுதான். டிரைவர் கதவின் பின் ஓரத்துச் சந்து மேலே 3 மி.மீ., கீழே 8 மி.மீ. இருக்கிறது. இப்படியே குழாய் வைத்துவிடலாமா?

வண்ணாரப்பேட்டை டிங்கர்:

பொறுங்கள் தம்பி, இப்போது வைக்காதீர்கள். கதவைத் திறந்து நுனியைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். ஆடினால் கீல் ஊசி தேய்ந்திருக்கிறது, அதை மாற்றிவிட்டு மறுபடி அளவெடுங்கள். ஆடவில்லை என்றால் வண்டி ஏற்கெனவே தொங்கத் தொடங்கிவிட்டது. கதவைச் சாத்திவிட்டு, அடியில் நடுப்பகுதியில் நல்ல இரும்பு இருக்கும் இடமாகப் பார்த்து மரக்கட்டை வைத்து, ஜாக்கியை மெதுவாக ஏற்றுங்கள். மேலும் கீழும் சந்து சமமாக வரும் இடத்தில் நிறுத்தி, ஸ்டாண்டு கொடுத்துவிட்டுக் குழாயைப் பொட்டு வையுங்கள். அந்த அளவை அப்பாவையே எழுதி வைக்கச் சொல்லுங்கள்.