சும்மா விட்டால் ரீஸ்டார்ட் ஆகிறது, லோடு கொடுத்தால் ஆகவில்லை (ரைசன் 5 3600, பி450)

நிலக்கடலை:

வணக்கம். டெஸ்க்டாப்பை ஆன் செய்து, மவுஸ் கீபோர்டு எதையும் தொடாமல் விட்டால் 15 முதல் 50 நிமிடத்துக்குள் தானாக ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறது. நீலத்திரை வருவதில்லை. திரை பட்டென்று கறுத்து, மதர்போர்டு லோகோ வருகிறது. வேலை நடக்கும்போது ஒருமுறைகூட இப்படி ஆனதில்லை. சினிபெஞ்ச் (பிராசஸருக்கு முழு வேலை கொடுக்கும் சோதனை) 30 நிமிடம் ஓடியது, இரண்டு மணி நேரம் வீடியோ ரெண்டரிங்கும் தடங்கலின்றி ஓடியது. பிராசஸர் சூடு 78 டிகிரியைத் தாண்டவில்லை.

ரைசன் 5 3600, பி450 மதர்போர்டு, 8 ஜிபி ராம் இரண்டு (டிடிஆர்4 3200, ராமை அதன் குறித்த வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி ஆன்), ஜிடிஎக்ஸ் 1650, 500 ஜிபி என்விஎம்இ, 1 டிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 11. எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) 450 வாட், பழைய கம்ப்யூட்டரில் இருந்து எடுத்துப் போட்டது, வயது எட்டு இருக்கும். 600 விஏ யுபிஎஸ் வழியாக ஓடுகிறது. ஸ்லீப், ஹைபர்னேட் இரண்டும் 'நெவர்' என்று வைத்திருக்கிறேன்.

விண்டோஸ் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவன்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 மட்டும் சிவப்பில் நிற்கிறது. ராம் மாற்றலாமா, விண்டோஸைப் புதிதாகப் போடலாமா?

ஈயப்பற்று:

இரண்டும் இப்போது வேண்டாம். 41 என்பது காரணம் கிடையாது. கம்ப்யூட்டர் மறுபடி ஆன் ஆனபிறகு, "போனமுறை முறைப்படி மூடவில்லை" என்று விண்டோஸ் தானே எழுதிக்கொள்ளும் குறிப்பு அது. பிளக்கைப் பிடுங்கினாலும் இதே 41தான் வரும். அதற்குள்ளே இருக்கும் எண்தான் முக்கியம்.

அந்த வரியைத் திறந்து 'டீடெய்ல்ஸ்' டேபில் பக்செக்கோட் (விண்டோஸ் நின்றதற்கான பிழை எண்) என்ன என்று பாருங்கள். அது பத்தடிமான (டெசிமல்) எண்ணில் இருக்கும். 159 என்றால் ஏதோ ஒரு டிரைவர் தன் சாதனத்தைத் தூங்கவைக்கவோ எழுப்பவோ முடியாமல் சிக்கியிருக்கிறது. 292 என்றால் பிராசஸரே வன்பொருள் பிழையைச் சொல்லி நின்றிருக்கிறது. 0 என்றால் விண்டோஸுக்கு எதையும் எழுத அவகாசமே கிடைக்கவில்லை. கரண்ட் போனது போலவோ ரிசெட் பட்டனை அழுத்தியது போலவோ நடந்திருக்கிறது.

பிறகு சிஸ்டம் லாகில் இந்த மூன்றையும் பாருங்கள்:

1074 இருந்தால் ஏதோ ஒரு புரோகிராம் கேட்டு ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது, பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட். எந்த புரோகிராம் என்று அதே வரியில் பெயர் இருக்கும். அப்படியென்றால் கோளாறே இல்லை.

டபிள்யூஹெச்இஏ-லாகர் 18 (வன்பொருள் பிழைப் பதிவு) இருந்தால், பிராசஸரின் எந்த கோர் என்று காட்டும் ஏபிஐசி ஐடி அதில் இருக்கும், அதைக் குறித்துவையுங்கள்.

6008 வந்தால் புதிதாக ஒன்றும் தெரியாது. 41 சொல்வதையே அதுவும் சொல்கிறது.

கூடவே அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ், ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி போய் 'ஆட்டோமேட்டிகலி ரீஸ்டார்ட்' டிக்கை எடுத்துவிடுங்கள். நீலத்திரை வந்து ஒரு நொடியில் மறைந்திருந்தால், இனி அது அப்படியே நிற்கும். சி டிரைவில் பேஜிங் ஃபைல் (ராமுக்குத் துணையாக விண்டோஸ் டிஸ்க்கில் வைக்கும் கோப்பு) இருக்கிறதா என்றும் பாருங்கள். அதை யாராவது 'ஸ்பீடு ஆகும்' என்று நிறுத்தியிருந்தால், கிராஷ் ஆன நேரத்துத் தகவலைப் பதியும் டம்ப் ஃபைல் உருவாகாது, தடயமும் கிடைக்காது.

மூணாம்_ஃபேஸ்:

பக்செக்கோட் 0 வந்தால் என் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேல்தான். லோடில் (கனமான வேலையில்) ரீஸ்டார்ட் ஆகவில்லை என்பதால் அதை விட்டுவிடாதீர்கள். லோடில் தாக்குப்பிடிப்பதும் ஐடிலில் (சும்மா இருக்கும்போது) தாக்குப்பிடிப்பதும் வேறு வேறு பரீட்சை.

காரணம் இது. வேலை இல்லாதபோது ரைசன் தன் கோர்களை சி6 என்ற ஆழ்ந்த உறக்கத்துக்கு அனுப்பும். எல்லா கோரும் ஒரே நேரத்தில் உறங்கினால், பிராசஸருக்குப் போகும் 12 வோல்ட் வயரில் கரண்ட் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் குறைந்துவிடும். பழைய வடிவமைப்பு எஸ்எம்பிஎஸ்களில் 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் ஒரே கட்டுப்பாட்டுச் சுற்றில் இருக்கும். 5 வோல்ட்டில் ஹார்டு டிஸ்க் இழுத்துக்கொண்டிருக்க, 12 வோல்ட்டில் இழுக்க ஆளில்லை என்றால் ஒன்று தாழும், மற்றது எகிறும். அளவு தவறியதும், மின்சாரம் சரி என்று மதர்போர்டுக்குச் சொல்லும் 'பவர் குட்' சிக்னல் விழும், மதர்போர்டு ரிசெட் ஆகும். 2013இல் இன்டெல் ஹாஸ்வெல் வந்தபோதும் இதே சிக்கல்தான்: அதன் ஆழ்ந்த உறக்கத்துக்கு எஸ்எம்பிஎஸ் 0.05 ஆம்பியரிலும் நிலையாக நிற்கவேண்டும் என்று கேட்டார்கள். பழைய சப்ளைகள் 0.5 ஆம்பியர் குறைந்தபட்சம் என்ற கணக்கில் செய்யப்பட்டவை.

இதற்கென்றே ஏஎம்டி பயாஸில் (ஆன் செய்ததும் திறக்கும் மதர்போர்டு செட்டிங்ஸில்) ஒரு அமைப்பு இருக்கிறது. அட்வான்ஸ்டு, ஏஎம்டி சிபிஎஸ், சிபியு காமன் ஆப்ஷன்ஸ் என்று போனால் 'பவர் சப்ளை ஐடில் கண்ட்ரோல்' என்று வரும். சில போர்டுகளில் ஒரு படி உள்ளே தள்ளி இருக்கும். அது 'ஆட்டோ'வில் இருக்கும். 'டிபிகல் கரண்ட் ஐடில்' என்று மாற்றி சேவ் செய்யுங்கள். 'லோ கரண்ட் ஐடில்' வேண்டாம், அது நேர் எதிர். இந்த வரியே இல்லையென்றால் பயாஸை அப்டேட் செய்து பாருங்கள். அதன் பிறகும் இல்லையென்றால் 'குளோபல் சி-ஸ்டேட் கண்ட்ரோல்' என்பதை டிசேபிள் செய்யலாம். ஆனால் அது எல்லா உறக்கத்தையும் நிறுத்திவிடும், ஐடிலில் கூடுதலாக மின்சாரம் போகும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். உங்களுக்கு அதிகபட்ச இடைவெளி 50 நிமிடம் என்பதால், ஒரு மணி நேரம் ஓடியதை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஒரு ராத்திரி முழுக்க விடுங்கள்.

கத்திரிவெயில்:

அதற்கு முன் கேபினட்டைத் திறந்து ரிசெட் சுவிட்ச் வயரைக் கழற்றிப் பாருங்கள். ஃப்ரன்ட் பேனல் பின்களில் 'ரிசெட் எஸ்டபிள்யூ' என்று எழுதிய இரண்டு பின் வயர். மலிவான கேபினட்டில் தூசியும் ஈரமும் சேர்ந்து அந்தச் சுவிட்ச் தானாகவே ஷார்ட் ஆகும். இரண்டு நிமிட வேலை, காசு செலவில்லை.

யுபிஎஸ்ஸையும் ஒதுக்கிப் பார்க்கவேண்டும். ஒரு ராத்திரி நேரடியாகச் சுவர் பிளக்கில் ஓட்டுங்கள். பயாஸில் 'ரெஸ்டோர் ஏசி பவர் லாஸ்' என்பதை 'பவர் ஆஃப்' என்று வையுங்கள். கரண்ட் முழுதாகப் போய் வந்திருந்தால் கம்ப்யூட்டர் அணைந்தபடியே கிடக்கும். அதன் பிறகும் தானாக ரீஸ்டார்ட் ஆனால், அது முழு மின்தடை இல்லை என்று உறுதியாகும்.

மூணாம்_ஃபேஸ்:

ரிசெட் வயர் சரியான யோசனைதான். ஆனால் சுவிட்ச் கெட்டிருந்தால் கேம் நடுவிலும் ரீஸ்டார்ட் ஆகவேண்டுமே. சும்மா இருக்கும்போது மட்டும் என்பது அதோடு பொருந்தவில்லை. யுபிஎஸ் சோதனையை நான் முன்னால் வைப்பேன். கம்ப்யூட்டரோடு மானிட்டரும் சேர்ந்து அணைந்து எரிகிறதா என்று கவனித்தாலே பாதி தெரிந்துவிடும்.

இன்னொன்று: பயாஸ் திரையில் இரண்டு மணி நேரம் விட்டேன், ஒன்றும் ஆகவில்லை, அதனால் விண்டோஸ்தான் குற்றவாளி என்று பலர் முடிவுகட்டுகிறார்கள். பயாஸ் திரையில் பிராசஸர் ஆழ்ந்த உறக்கத்துக்கே போகாது. சோதிக்கவேண்டுமென்றால் பென்டிரைவில் உபுண்டு லைவ் போட்டு அதைச் சும்மா விடுங்கள். அதிலும் ரீஸ்டார்ட் ஆனால் விண்டோஸைத் தொடவே தேவையில்லை.

நிலக்கடலை:

பார்த்துவிட்டேன். பக்செக்கோட் 0. 1074 இல்லை, டபிள்யூஹெச்இஏ 18உம் இல்லை. ஆட்டோமேட்டிக் ரீஸ்டார்ட் டிக்கை எடுத்தும் நீலத்திரை எதுவும் வரவில்லை. யுபிஎஸ் இல்லாமல் நேரடி பிளக்கில் 40 நிமிடத்தில் ரீஸ்டார்ட், மானிட்டர் அணையவில்லை. ரிசெட் வயர் கழற்றியும் 25 நிமிடத்தில் ரீஸ்டார்ட்.

டிபிகல் கரண்ட் ஐடில் வைத்தபின் 14 மணி நேரம் ரீஸ்டார்ட் ஆகாமல் ஓடியது. சரிபார்க்க மறுபடி ஆட்டோவுக்கு மாற்றினேன், 35 நிமிடத்தில் போய்விட்டது. திரும்ப டிபிகல் வைத்தபின் ரீஸ்டார்ட் ஆகவில்லை. இப்படியே விட்டுவிடலாமா, எஸ்எம்பிஎஸ் மாற்றவேண்டுமா?

மூணாம்_ஃபேஸ்:

மாற்றிப் பார்த்து, திரும்ப வைத்துப் பார்த்தீர்களே, அதுதான் முறை. இனி சந்தேகமில்லை.

இப்போதைக்கு ஓட்டலாம், ஐடிலில் சில வாட் கூடுதலாகப் போகும், அவ்வளவுதான். ஆனால் எட்டு வயது எஸ்எம்பிஎஸ்ஸை நான் வைத்துக்கொள்ளமாட்டேன். உள்ளே கெபாசிட்டர் காய்ந்துகொண்டே வரும். இன்று ஐடிலில் தடுமாறுவது நாளை லோடிலும் தடுமாறலாம். போகும்போது ஹார்டு டிஸ்க்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிற ஆபத்தும் இருக்கிறது.

வாட்டைக் கூட்டிக்கொண்டே போகவேண்டாம். 3600 அதிகபட்சம் 88 வாட், 1650 சுமார் 75 வாட், மற்றதெல்லாம் சேர்த்து 40 வாட். எல்லாம் சேர்ந்து சுமார் 200 வாட்தான். 450 அல்லது 550 வாட் போதும். கேட்கவேண்டியது 'டிசி-டு-டிசி' வடிவமைப்பா என்பதுதான். அதில் 5 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும் 12 வோல்ட்டிலிருந்து தனியாக எடுக்கப்படும், ஒன்றின் லோடு இன்னொன்றை அசைக்காது.

மல்டிமீட்டரில் 12.1 காட்டுகிறது, நல்லா இருக்கிறது என்று கடையில் சொன்னால் ஏற்காதீர்கள். 11.4 முதல் 12.6 வரை சரி என்பது விதிதான். ஆனால் மில்லிசெகண்டில் விழுந்து எழுவதை மல்டிமீட்டர் காட்டாது. பழையதைத் திறந்து கெபாசிட்டர் மாற்றவும் இறங்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கியபின்னும் முதன்மை கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம்.

வாழைத்தார்:

இதே திரியில் கேட்கிறேன், மன்னிக்கவும். ரைசன் 5 5600எக்ஸ், புது எஸ்எம்பிஎஸ். எனக்கும் சும்மா இருக்கும்போதுதான் ரீஸ்டார்ட். ஆனால் டபிள்யூஹெச்இஏ 18 வருகிறது, ஏபிஐசி ஐடி எப்போதும் ஒரே எண். டிபிகல் கரண்ட் ஐடில் வைத்தும் போகவில்லை. கர்வ் ஆப்டிமைசர் (கோர்களின் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் பயாஸ் அமைப்பு) எல்லா கோருக்கும் மைனஸ் 25.

ஈயப்பற்று:

உங்களுடையது வேறு நோய். ஒரே ஐடி திரும்பத் திரும்ப வருவதால் ஒரு குறிப்பிட்ட கோர் அந்த மைனஸ் 25ஐத் தாங்கவில்லை. ஒவ்வொரு எண்ணும் 3 முதல் 5 மில்லிவோல்ட், ஆக 75 முதல் 125 மில்லிவோல்ட் வரை குறைத்திருக்கிறீர்கள்.

சினிபெஞ்சில் ஏன் தெரியவில்லை என்றால், எல்லா கோரும் ஓடும்போது வேகம் குறைவாகவே இருக்கும். சும்மா இருக்கும்போதுதான் பின்னணியில் ஏதோ ஒரு சின்ன வேலை எழுந்து, ஒரே கோர் 4.6 கிகாஹெர்ட்ஸ் வரை ஒரு கணம் தாவும். அந்தத் தாவலுக்குத்தான் வோல்டேஜ் போதவில்லை.

முதலில் எல்லாவற்றையும் 0 ஆக்கி ஒருநாள் ஓட்டுங்கள். ரீஸ்டார்ட் ஆகாவிட்டால் மைனஸ் 10இல் தொடங்கி, கோர்சைக்ளர் என்ற புரோகிராமை வைத்து ஒவ்வொரு கோராகச் சோதித்து இறங்குங்கள். தோற்கும் கோருக்கு மட்டும் 5 எண் மேலே ஏற்றுங்கள். 0இலும் அதே ஐடியில் பிழை வந்தால் எக்ஸ்எம்பியை ஆஃப் செய்து ஒருமுறை பாருங்கள், அதிலும் வந்தால் பிராசஸரை வாரண்டிக்கு அனுப்புங்கள். லாகை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள், கேட்பார்கள்.

நிலக்கடலை:

டிசி-டு-டிசி 550 வாட் போட்டாயிற்று. பயாஸில் ஐடில் கண்ட்ரோல் ஆட்டோ, எக்ஸ்எம்பி ஆன். மூன்று இரவு தொடர்ந்து சும்மா ஓடியது, 41 ஒன்றுகூட இல்லை. மிக்க நன்றி.