பொருள்: 'பகுதி' என்றால் குறையா? மார்பகக் கதிர்ச் சிகிச்சைக்கு ஒரு சொல் வேண்டும்

காரைக்குடி, திங்கள் காலை

நம் கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மார்பகப் புற்றுநோய் முகாமில் கொடுப்பதற்காக எட்டுப் பக்கத் துண்டேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வியாழன் மாலை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். ஏழு பக்கம் முடிந்துவிட்டது. எட்டாம் பக்கத் தலைப்பு மட்டும் மூன்று நாளாக நகரவில்லை.

நோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்து, மார்பை எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்தவர்களுக்கு, பிறகு மார்பு முழுவதற்கும் கதிர் கொடுப்பது வழக்கம். சிலருக்கு அவ்வளவு வேண்டியதில்லை. கட்டி இருந்த இடமும் அதைச் சுற்றிக் கொஞ்சமும் போதும். இதைப் 'பகுதி மார்பகக் கதிர்வீச்சு' என்று எழுதி எங்கள் அயித்தைக்கு வாசித்துக் காட்டினேன். அவர்களுக்கு 68 வயது. போன ஆண்டுதான் முழு மார்புக்கும் சிகிச்சை முடித்தார்கள்.

கேட்டதும் அலமாரியிலிருந்து தன் சிகிச்சை அட்டையை எடுத்து வந்தார்கள். மஞ்சள் அட்டை, ஓரம் மடங்கியிருக்கிறது. தவணைக்கு ஒன்றாக 15 கட்டம், 15-இலும் நீல மையில் டிக். "எனக்கு முழுசா வச்சாக. இவுகளுக்கு ஏன் பகுதி? காசு கட்ட முடியாதவுகளுக்குப் பாதி வைத்தியமா?" என்றார்கள்.

நான் எழுதிய தலைப்பால் ஒரு பெண் தனக்குக் குறை வைத்தியம் நடந்ததாக நினைத்துவிடக் கூடாது. உதவுங்கள்.

தேவகோட்டை, திங்கள் இரவு

அம்மா, உங்கள் அயித்தையின் காதில் பழுதில்லை. சொல்லைத்தான் நாம் தேய்த்துவிட்டோம்.

'பகு' என்பது வேர். பகுதி, பங்கு, பாதி, பால் எல்லாம் அதன் மக்கள். பால் என்றால் கூறு, அதனால்தான் அறத்துப்பால், பொருட்பால். பகலும் இந்த வீட்டுப் பிள்ளைதான். நுகத்தடியின் நடுவாணிக்கும் பகல் என்று பெயர். பட்டினப்பாலை வணிகரைச் சொல்லும்போது 'நெடுநுகத்துப் பகல்போல நடுவுநின்ற நன்னெஞ்சினோர்' என்கிறது. பூம்புகாரிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிற நம் ஊரார் அந்த வரியை வீட்டு முகப்பில் எழுதி வைக்க வேண்டும். ஆக, வேரளவில் பகுதியில் குறைவு இல்லை, பிரித்தல்தான் உண்டு.

இன்னொன்று. 'மார்பகம்' நாணத்தால் வந்த சொல். பழைய பாட்டில் மார்பு பெரும்பாலும் ஆண்மகனுக்கு உரியது. கண்ணகி திருகி எறிந்தது இடமுலை. இளங்கோவுக்கு இல்லாத கூச்சம் நமக்கு எதற்கு? என் பரிந்துரை: முலைக்கூற்றுக் கதிரூட்டல். கூறு என்பது வேற்றுமைப் புணர்ச்சியில் றகரம் இரட்டிக் கூற்று ஆகும்.

கோட்டையூர், செவ்வாய் காலை

ஐயா மன்னிக்க வேண்டும். நான் 22 வருடம் நர்ஸ் வேலை பார்த்தவள். புணர்ச்சி விதி சரியாகத்தான் இருக்கும். ஆனால் கூற்று என்றால் எமன். உடலையும் உயிரையும் கூறுபோடுகிறவன் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர் என்று நீங்கள்தான் இந்தக் குழுவில் முன்பு எழுதினீர்கள். புற்றுநோய்த் துண்டேட்டின் தலைப்பில் எமனை உட்கார வைக்க முடியாது.

முலையும் வேண்டாம். சொல்லில் குற்றமில்லை. ஆனால் இந்தத் தாளை ஆச்சிமார் பேருந்தில் பிரித்து வாசிக்க வேண்டும், மகனிடம் கொடுத்து வாசிக்கச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் "மாருல கட்டி" என்றுதான் சொல்லிக்கொண்டு வருவார்கள். அதற்குப் பக்கத்தில் நிற்பது மார்புதான்.

கதிரூட்டல் என்றாலும் யாருக்கும் விளங்காது. கதிர் என்றால் நெற்கதிர், கதிரறுப்பு. ஊரில் இதற்குப் பெயர் கரண்டு வைக்கிறது. "எத்தனை கரண்டு வச்சாக?" என்றுதான் கேட்பார்கள்.

பள்ளத்தூர் (மதுரையில் பணி), செவ்வாய் இரவு

கோட்டையூர் ஆச்சி சொல்வது உண்மை. ஆனால் கரண்டு என்ற சொல்லே பாதிப் பயத்துக்குக் காரணம். ஷாக் அடிக்கும் என்று நினைத்து மேசையில் விறைத்துப்போய்ப் படுப்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். கதிர் படும்போது வலி தெரியாது. சில பத்திரிகைகள் எழுதுகிற 'கதிரியக்கச் சிகிச்சை' இன்னும் தவறு. கதிரியக்கம் என்பது யுரேனியம், ரேடியம் போன்றவற்றின் இயல்பு. கதிர் கொடுக்கும் 'லினாக்' எந்திரத்தை நிறுத்தினால் கதிரும் நின்றுவிடும், உடம்பில் ஒன்றும் தங்காது. இந்தச் சொல்லால் பேரப்பிள்ளையைத் தூக்காமல் ஒரு மாதம் தள்ளி இருந்த ஆயாவை எனக்குத் தெரியும். கதிர்ச் சிகிச்சை என்பதே போதும்.

இப்போது மருத்துவம். மார்பைக் காக்கும் அறுவைக்குப் பிறகு அதே மார்பில் நோய் திரும்பினால், பெரும்பாலும் பழைய கட்டி இருந்த இடத்தை ஒட்டித்தான் வருகிறது. அதனால்தான், திரும்ப வரும் வாய்ப்புக் குறைந்தவர்களுக்கு அந்த இடம் போதுமா என்று சோதித்தார்கள். பிரிட்டனில் 50 வயதும் அதற்கு மேலும் ஆன 2018 பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. ஐந்தாண்டில் அதே மார்பில் நோய் திரும்பியது, முழு மார்புக்கும் கொடுத்தவர்களில் 1.1 விழுக்காடு, இடத்துக்கு மட்டும் கொடுத்தவர்களில் 0.5 விழுக்காடு. இதில் கிடைக்கும் லாபம், நல்ல தசைக்கும் நெஞ்சுக்கூட்டுக்குள் இருப்பவற்றுக்கும் வீணாகக் கதிர் படாதது. எல்லோருக்கும் இது பொருந்தாது. வயது, கட்டியின் அளவு, அதன் வகை எல்லாம் பார்த்துத்தான் முடிவு செய்வோம்.

அந்த ஆய்வில் இந்த இரு பிரிவினருக்கும் 15 தவணைதான், 40 கிரே (கிரே என்பது கதிரை அளக்கும் அலகு). இத்தாலியில் ஃபிளாரன்ஸ் மருத்துவர்கள் 5 தவணையில் 30 கிரே கொடுத்தார்கள். கனடா முதலிய நாடுகளில் நாளுக்கு இரண்டு முறை வீதம் 10 தவணை கொடுத்துப் பார்த்ததில் நோய் அடங்கியது, ஆனால் மார்பின் தோற்றம் கூடுதலாகக் கெட்டது. ஆகவே 'விரைவு', 'குறுகிய' என்று எதையும் பெயருக்குள் சேர்க்க வேண்டாம். நாள் வேறு, இடம் வேறு. நமக்கு இடத்தைச் சொல்லும் சொல்தான் வேண்டும்.

கானாடுகாத்தான், புதன் காலை

டாக்டர் தம்பி எழுதியதைப் படித்ததும் எங்கள் வளவுதான் கண்ணில் வந்தது. போன ஐப்பசியில் இரண்டாங்கட்டுத் தாழ்வாரம் ஒழுகியது. கொத்தனார் ஏறி, ஒழுகின இடத்தையும் அதைச் சுற்றி நாலு வரிசையும் நாட்டு ஓடு மாற்றினார். அதைப் பகுதி வேலை என்று யாரும் சொல்லவில்லை. மொத்தக் கூரையையும் பிரித்திருந்தால் நல்ல ஓடும் உடைந்திருக்கும். துண்டேட்டில் இதையே உவமையாக வைக்கலாம்.

சொல்லுக்கு என் பங்கு: கட்டித்தடக் கதிர்ச் சிகிச்சை. கட்டி இருந்து போன தடம்.

தேவகோட்டை, புதன் மதியம்

தடம் அழகாக இருக்கிறது. ஆனால் 'தடவும் கயவும் நளியும் பெருமை' என்பது தொல்காப்பியம். தட என்றால் பெரிய. மார்பைப் பற்றிப் பேசும் இடத்தில் 'தட' என்று எழுதினால், இலக்கியம் படித்தவனுக்குத் தடமுலைதான் முன்னால் வரும். 'கட்டித்தடம்' பெரிய கட்டி என்றும் மயங்கும். இந்தச் சிகிச்சையோ சிறு கட்டிக்காரருக்கு.

மருத்துவத் தமிழ் நமக்குப் புதிதில்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் 19-ஆம் நூற்றாண்டிலேயே அறுவை மருத்துவத்தை 'இரண வைத்தியம்' என்று தமிழில் எழுதிக் கற்பித்தார். இரண்டே சொல். அந்தச் செறிவு வேண்டும். வாக்கியத்தை வைத்துப் பெயர் என்று சொல்லக் கூடாது.

காரைக்குடி, புதன் மாலை

'கட்டி இருந்த இடத்துக் கதிர்ச் சிகிச்சை' என்று வைக்கலாமா? நேரமாகிறது.

பள்ளத்தூர், புதன் இரவு

அப்படியே வைத்தால் ஒரு சிக்கல். மார்பு முழுவதற்கும் கொடுத்து முடித்த பிறகு, கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கூடுதலாகச் சில தவணை கொடுப்பதும் உண்டு. அதை 'பூஸ்ட்' என்கிறோம். உங்கள் தலைப்பு அதற்கும் பொருந்திவிடும். 'இடத்துக்கு மட்டும்' என்று சொல்லி, 'முழு மார்புக்குப் பதிலாக' என்று அடுத்த வரியிலேயே எழுதிவிட்டால் மயக்கம் தீரும்.

கோட்டையூர், புதன் இரவு

சரி. பூஸ்டுக்கும் சீக்கிரம் ஒரு சொல் பாருங்கள். பாலில் கலக்குகிற பொடி என்றுதான் நினைக்கிறார்கள்.

காரைக்குடி, வியாழன் மதியம்

துண்டேட்டில் 'கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கதிர்ச் சிகிச்சை' என்றே போகிறது. கீழே 'முழு மார்புக்குப் பதிலாக' என்ற வரியும், கானாடுகாத்தான் அண்ணன் சொன்ன ஓடும். நம் சொற்பட்டியலில் 'பகுதி மார்பகக் கதிர்ச் சிகிச்சை' இருக்கட்டும் என்று நாலு பேர் சொல்லிவிட்டார்கள். மருத்துவ மாணவர்களுக்கு அது போதும். அயித்தை போன்றவர்களுக்குப் போதாது என்பதை மட்டும் குறித்து வைக்கிறேன்.

புதுத் தலைப்பை வாசித்துக் காட்டினேன். ஓட்டுக் கதையைக் கேட்டுத் தலையாட்டினார்கள். காசு பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அட்டையை மறுபடி கையில் எடுத்து, "அப்ப அதுக்கு எத்தனை கட்டம்?" என்று கேட்டார்கள்.

தேவகோட்டை, வியாழன் மதியம்

'மட்டும்' கொண்ட ஒரு கலைச்சொல்லை என் வாழ்நாளில் ஏற்றதில்லை. மட்டு அளவு, எல்லை. சங்கப் பாட்டில் கள்ளும் மட்டுதான், அதைத் தனி மடலில் எழுதுகிறேன். பட்டியலில் இரண்டுக்கும் என் மறுப்பைச் சேர்த்துவிடுங்கள். 'கூறு' என்பதை இன்னும் நான் கைவிடவில்லை.

ஆனால் உங்கள் அயித்தை கேட்டதற்கு யாரும் விடை சொல்லவில்லையே. டாக்டர் தம்பி?

பள்ளத்தூர், வியாழன் மாலை 4 மணி

ஐந்தாகவும் இருக்கும், பதினைந்தாகவும் இருக்கும். அச்சு ஏறவில்லை என்றால், எட்டாம் பக்கத்தின் அடியில் எண் போடாமல் 15 வெறுங்கட்டம் விடுங்கள். எத்தனை என்று டாக்டர் பேனாவால் வட்டமிட்டுக் கொடுக்கட்டும்.