மறு: நத்தைக்குக் கன்னம் உண்டா?

குழுவினருக்கு வணக்கம். கடல் முயல் (ஒருவகைக் கடல் நத்தை), குளத்து நத்தை ஆகியவற்றின் குடல் அசைவு பற்றிய பாடத்தை வெள்ளிக்கிழமைக்குள் மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டும். வாய்த்தசை உருண்டைக்குப் பின்னால், உணவுக்குழலின் இரு பக்கமும் ஒட்டினாற்போல் ஒரு சோடி நரம்பணுத் திரள். அதிலிருந்து கிளம்பும் நரம்பு உணவுக்குழல் வழியே குடலுக்குப் போகிறது. 'பக்கல் கேங்க்லியன்' என்பார்களே, அதுதான். இலத்தீன் வேரை நம்பிக் 'கன்னத்திரள்' என்று எழுதிவிட்டேன். பிறகுதான் உறைத்தது, நத்தைக்கு ஏது கன்னம்?
– ம.

'வாய்த்திரள்' என்று போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள்.
– செ.

வாயில் திரண்ட எச்சில் என்றல்லவா மாணவன் நினைப்பான்! தொண்டையைக் குறிக்கும் 'மிடறு' இருக்க வேறு சொல் எதற்கு? ஒரு மிடறு நீர் என்கிறோம். உறுப்புக்கும் விழுங்குதலுக்கும் ஒரே சொல். தொல்காப்பியர் பிறப்பியலில் ஆண்டது. ஆகவே 'மிடற்றுத்திரள்'. வேரையும் சொல்லிவிடுகிறேன். விழுங்கு, முழுங்கு ஆவதுபோல, மலைப்பிளவைக் குறிக்கும் 'விடர்' மிடறு ஆகியிருக்க வேண்டும். விடு, விடவு, விடரகம் எல்லாம் ஒரே குடும்பம். விரிவாக நாளை எழுதுகிறேன்.
– பு.

ஐயா, புறநானூற்றில் ஔவையார் பாடும் 'நீலமணி மிடற்று ஒருவன்' யார்? விழுங்கிய நஞ்சு கீழே இறங்காமல் நின்ற இடம் அது. இரையைக் கீழே தள்ளும் நரம்புக்கு அந்தப் பெயரா? 'பக்கல்' என்பதையே வைத்துக்கொள்ளலாம். 'அவன்பக்கல் சென்றான்' என்று உரையாசிரியர்கள் எழுதவில்லையா? திரளும் உணவுக்குழலின் இரு பக்கலிலும்தான் இருக்கிறது.
– கு.

ஒலி ஒத்துப்போவதை வைத்து உறவு கொண்டாடுவது ஆராய்ச்சி ஆகாது.
– பு.

(விடருக்கும் மிடறுக்கும் மட்டும் ஆகுமாக்கும்!)
– கு.

வகுப்பில் இதை நடத்துகிறவள் என்ற முறையில் ஒன்று. பெயரைவிட வினைச்சொல்தான் எனக்கு உறுத்துகிறது. மொழிபெயர்ப்பில் இந்தத் திரள் குடலைக் 'கட்டுப்படுத்துகிறது' என்று இருக்கிறது. கடல் முயலின் குடலை வெட்டியெடுத்துக் கடல்நீரில் இட்டாலும் அது பாட்டுக்குச் சுருங்கி விரியும். குடல் சுவரிலேயே ஒரு நரம்புப் பின்னல் இருக்கிறது, தசைக்கும் சொந்தத் தாளம் உண்டு. மேலிருந்து வரும் நரம்பு அந்த அசைவைக் கூட்டும், குறைக்கும். செரோடோனின், சில சிறு புரதக் கூறுகள் எல்லாம் வந்து தாளத்தையே மாற்றும். கட்டுப்படுத்துகிறது என்றால் பையன்கள் கடிவாளத்தை நினைக்கிறார்கள். 'நெறிப்படுத்துகிறது' என்று போடலாமா? 'மாடுலேஷன்' என்பதற்கு வானொலிக்காரர்கள் சொல்லும் 'பண்பேற்றம்' வேண்டவே வேண்டாம்.
– நா.

அம்மா சொல்வது சரி. வினையை மாற்றிவிட்டேன். பெயருக்கு இதுவரை மிடற்றுத்திரளுக்கு மூன்று பேர், வாய்த்திரளுக்கு இரண்டு பேர், பக்கலுக்குக் கு. மட்டும். பதிப்பாளர் காத்திருக்கிறார். 'மிடற்று நரம்புத்திரள்' என்று எழுதி அனுப்புகிறேன்.
– ம.

கன்னம் இல்லாத நத்தைக்கு மிடறு மட்டும் இருக்கிறதா? என் எதிர்ப்பைப் பதிந்துகொள்ளவும்.
– கு.

விடர் பற்றிய என் கருத்தை இதுவரை எவரும் சான்றோடு மறுக்கவில்லை. தனி இழை தொடங்குகிறேன்.
– பு.